ஒல்லாந்தர் கட்டாத வீடு

கதிரையில் ஏறி நிற்கிறேன். இடது கை சுவரில். வலது கையின் சுட்டுவிரல் ஓர் இரும்புக் கொழுக்கிக்குள். கொழுக்கி சில்லென்று இருக்கிறது. மேலேயிருந்து வெள்ளையடித்த சுவரின் பொடி கண்ணுக்குள் விழுகிறது.

கீழே மூன்று தையல் மெசின்கள் ஒரே நேரத்தில் ஓடுகின்றன. கடற்காற்று வெட்டிவைத்த வெள்ளைத் துணிகளைத் தூக்கித் தூக்கிப் போடுகிறது. புதுத் துணியின் கஞ்சி மணம். அதற்குள்ளே ஜெட்டிப் பக்கமிருந்து வரும் டீசல் மணம்.

"என்ன பிள்ளை, ஒல்லாந்தர் உள்ளை இருக்கினமா?"

கேட்டது ராணி அக்கா. மெசினை நிறுத்தவில்லை.

"தேடுறன் அக்கா."

"கெதியாத் தேடு. வெள்ளிக்கிழமை இவன் பஸ் ஏறுறான். திங்கக்கிழமை மேசன்மார் வருகினம்."

'இவன்' என்றது அவருடைய தம்பி குகன் அண்ணாவை. ரொறொன்ரோவிலிருந்து லீவில் வந்தவர். அப்போது அவர் குசினிக்குள் தேத்தண்ணி போட்டுக்கொண்டிருந்தார். அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

"நான் எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறன் அக்கா."

"கேள். கேக்கத்தான் சொல்லுறன்."

அந்தச் செவ்வாய்க்கிழமையை நினைத்தால் முதலில் ஞாபகத்துக்கு வருவது விரலில் பட்ட அந்த இரும்பின் குளிர்தான். நான் எழுதும் இந்தத் தொடரில் இதுவரை எத்தனையோ சுவர்களைத் தடவியிருக்கிறேன். ஒரு சுவர் என்னிடம் உதவி கேட்டது அதுதான் முதல் தடவை.

தடிச்ச சுவர் என்றால்

திருகோணமலையில் ஒரு பழக்கம் இருக்கிறது. சுவர் தடிப்பாக இருந்தால் ஒல்லாந்தர். கூரை உயரமாக இருந்தால் வெள்ளைக்காரன். இரண்டும் இல்லாமல் பழசாக மட்டும் இருந்தால் இராவணன்.

நான் கேலி செய்யவில்லை. எங்களுடைய ஞாயிறு நடைக்கு வருகிற ஆட்களிடம் கேட்டுப் பாருங்கள். நடை என்றால் பெரிய அமைப்பு ஒன்றுமில்லை. நானும் என்னுடைய சிநேகிதன் அஸ்லமும் இன்னும் ஒரு பத்துப் பதினைந்து பேரும் வெயில் ஏற முதல் கிளம்பி, ஒரு வீதியைப் பிடித்து, வீடு வீடாகப் பார்த்துக்கொண்டு போவோம். அஸ்லம் கிண்ணியாப் பெடியன். கட்டடப் படம் வரைவது அவன் தொழில். அளவு நாடா இல்லாமல் கலியாண வீட்டுக்குக்கூடப் போகமாட்டான். நான் பட்டம் முடித்துவிட்டு வேலைக்கு விண்ணப்பம் போட்டுவிட்டு, பொறுமை இல்லாமல் தெருத் தெருவாகத் திரிகிற ஆள். வாசிக்கிறவர்களுக்கு இது ஏற்கனவே தெரியும். புதிதாக இன்றைக்குத்தான் பக்கத்தைத் திருப்பியவர்களுக்காகச் சொல்கிறேன்.

ராணி அக்காவின் வீடு உட்துறைமுகப் பக்கம், ஜெட்டிக்குப் போகிற வீதியில் இருக்கிறது. ஓட்டு வீடு. முன்னால் நீட்டுக்கு ஒரு விறாந்தை, ஒரு வீட்டுக்கு அவ்வளவு நீளமான விறாந்தை எதற்கு என்று பார்த்தவுடன் கேட்கத் தோன்றும். ஒரு பக்கம் தடித்த சுவர். மற்றப் பக்கம் வீதியைப் பார்த்தபடி வரிசையாகத் தூண்கள். சுவரிலும் தூண்களிலும் ஆள் உயரத்துக்குச் சற்று மேலே இரும்புக் கொழுக்கிகள். எல்லாம் ஒரே மாதிரி. எல்லாம் ஒரே உயரம்.

இரண்டு கொழுக்கிகள் மட்டும் விதிவிலக்கு. விறாந்தையின் நடுவில், மற்றவற்றைவிட உயரமாக, சுவரில் ஒன்றும் எதிர்த்தூணில் ஒன்றுமாகத் தனியாக நின்றன.

இந்தக் கொழுக்கிகளைப் பற்றி ஊரில் பல கதைகள் உலாவின. முச்சக்கரவண்டிக்கார அண்ணர் ஒருவர் கைதிகளின் சங்கிலி மாட்டினது என்றார். நடைக்கு வந்த ஒரு வங்கி உத்தியோகத்தர் பாய்மரத் துணி காயப்போட்டது என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? ஒல்லாந்தருடைய களஞ்சியம், கறுவாப்பட்டைக் கட்டுகளைத் தரையில் படாமல் தொங்கவிட்டிருப்பார்கள் என்றேன். சொன்னபோது எனக்கே கறுவா மணத்தது.

வீட்டுக்காரர்களுக்கும் அதற்கு மேல் தெரியாது. அவர்களின் சொந்த இடம் இதுவல்ல. அன்புவழிபுரத்தில் வாடகைக்கு இருந்த குடும்பம். பல காலம் பூட்டிக் கிடந்த இந்த வீட்டை அவர்களின் அப்பா தரகர் மூலம் வாங்கினார். விற்றவர்கள் அதற்கு முன்பே நாட்டை விட்டுப் போய்விட்டார்கள். தரகர் பூட்டுத் திறப்பைக் கொடுக்கும்போது, "ஒல்லாந்தர் வீடு, பத்திரமாய்ப் பாருங்கோ" என்று சொல்லிக் கொடுத்தாராம். அன்றிலிருந்து அது ஒல்லாந்தர் வீடு.

தம்பி வைத்த நிபந்தனை

விறாந்தைதான் ராணி அக்காவின் தொழிற்சாலை. டவுனில் கனபேரின் பள்ளிக்கூடச் சட்டைகள் அங்கேதான் பிறக்கின்றன. அவரோடு இரண்டு பெண்கள் வந்து தைக்கிறார்கள். வெள்ளைத் துணியில் வெள்ளை நூல் ஓட்டுவதற்கு வெளிச்சம் வேண்டும். அந்த வீட்டில் வெளிச்சம் வருகிற இடம் அது ஒன்றுதான். உள் அறைகளில் பகலிலும் லைற் போடவேண்டும்.

இங்கே ஒரு சின்னக் கதை. எங்கள் டவுனில் மான்கள் தெருவில் திரிவது உங்களுக்குத் தெரியும். ஒரு நாள் ஒரு பெண்மான் விறாந்தையில் ஏறி, சட்டை வெட்டுகிற மாதிரிக் கடதாசியை நின்று நிதானமாகத் தின்றுவிட்டுப் போனதாம். பத்தாம் வகுப்புப் பிள்ளையின் அளவு முழுக்க மானின் வயிற்றுக்குள். "அண்டைக்குப் பிறகு எந்த மானைப் பாத்தாலும் எனக்குச் சைஸ்தான் ஞாபகம் வருது" என்பார் ராணி அக்கா.

குகன் அண்ணாவின் திட்டம் இதுதான்: விறாந்தையை உடைத்து, வீதியைப் பார்த்தபடி மூன்று கடை அறைகள் கட்டுவது. வாடகை முழுக்க அக்காவுக்கு. அவர் கெட்டவர் இல்லை. அதுதான் சிக்கல். அக்கா மெசினுக்கு மேல் குனிந்து குனிந்து கண்ணைக் கெடுக்கிறா என்று அவருக்கு உண்மையாகவே கவலை.

"அக்காட கண் போகுது தங்கச்சி. ஊசியிலை நூல் கோக்க மற்றவையைக் கூப்பிடுறா. இனித் தைச்சது காணும்."

"கண் போகாமல் இருக்கத்தான் வெளிச்சத்திலை இருக்கிறன்" என்பார் அக்கா.

வீடு இரண்டு பேரின் பெயரிலும் இருந்தது. இருவரும் மாறி மாறிப் பேசிக் களைத்து, கடைசியில் என்னைப் பிடித்தார்கள். குகன் அண்ணா ரொறொன்ரோவிலிருந்து இந்தத் தொடரைப் போனில் வாசிக்கிறவராம். என் எழுத்தில் அவருக்கு என்னைவிட நம்பிக்கை இருந்தது.

"ஒல்லாந்தர் கட்டினது எண்டு துளசி பாத்துச் சொல்லட்டும். சொன்னால் நான் கை வைக்கேல்லை. இல்லை எண்டால் அக்கா வாய் திறக்கக் கூடாது. சரியோ?"

"சரி" என்றார் அக்கா. என்னைப் பார்த்த பார்வையில் 'சொல்லிவிடு' என்று இருந்தது.

அதனால்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை நான் கதிரையில் ஏறினேன்.

சுரண்டிப் பார்த்தோம்

அஸ்லம் பின்னேரம் வந்தான். தூண் ஒன்றின் அடியில் பூச்சுக் கழன்ற இடத்தில் குந்தி, மோட்டார் சைக்கிள் திறப்பால் சுரண்டினான். சுரண்டினதை விரலில் தேய்த்தான்.

"என்னடா?"

"சீமெந்து."

"நல்லாப் பார்."

"நல்லாப் பாத்தாலும் சீமெந்துதான் துளசி. கல்லெல்லாம் ஒரே அளவு. அச்சிலை வார்த்த கல்."

பிறகு கூரைக்கு ஏறினான். ஓட்டைத் திருப்பிப் பார்த்தான். ஆங்கில எழுத்துப் பொறித்த தொழிற்சாலை ஓடு. கொழுக்கி ஒன்றைத் திருக, அது முனகிக்கொண்டு சுழன்று வெளியே வந்தது. அடிப்பகுதியில் ஒழுங்கான திருகுப்புரி. மெசினில் வெட்டியது.

"சுவர் ஏன் இவ்வளவு தடிப்பு?"

"உள்ளுக்குக் கல்லும் சிப்பியும் போட்டு நிரப்பியிருக்கிறாங்க. செங்கல்லை மிச்சம் பிடிக்கிற வேலை. தடிப்பு ஒல்லாந்தருக்கு மட்டும் எழுதிக் கொடுத்ததா?"

ஒல்லாந்தர் கப்பலேறிப் பல காலத்துக்குப் பிறகு கட்டின வீடு. சந்தேகமே இல்லை. என்னுடைய கறுவா மணமும் அதோடு போனது.

குகன் அண்ணா வெளியே போயிருந்தார். ராணி அக்காவிடம் மட்டும் சொன்னேன். அவர் மெசினை நிறுத்தினார். அன்றைக்கு முதல் தடவையாக.

"இவனுக்குச் சொல்லாதை."

"கேட்டால் சொல்லத்தானே வேணும் அக்கா."

"நீ உண்மையை வைச்சு என்ன செய்யப்போறாய் பிள்ளை? எனக்கு வெளிச்சம் வேணும்."

அஸ்லம் கூரையைப் பார்த்தான். நான் கையிலிருந்த கொழுக்கியைப் பார்த்தேன். அது கனமாக இருந்தது. யாரோ காசு கொடுத்து, ஒரே மாதிரி இத்தனை வாங்கி, மட்டம் பிடித்து, ஒவ்வொன்றாகத் திருகியிருக்கிறார்கள். காரணம் இல்லாமல் ஒருவரும் இவ்வளவு மினைக்கெடமாட்டார்கள்.

"அக்கா, வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுங்கோ. ஒல்லாந்தர் இல்லை எண்டால் வேற ஆர் எண்டு நான் கண்டுபிடிக்கிறன்."

"கண்டுபிடிச்சு?"

கண்டுபிடிப்பேன் என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை. என் அம்மா இதைத் திமிர் என்பார்.

அஸ்லம் படுத்தான்

புதன்கிழமை பின்னேரம் விறாந்தையை முழுக்க அளந்து படம் கீறினோம். படம் கீறும் கொப்பி என் கையில் இருந்தது; நாடாவின் ஒரு முனையைப் பிடிக்க ஆள் இல்லை. அஸ்லம் சுவரோரம் தலையை வைத்து, நாடா முனையை நெற்றியில் அழுத்திக்கொண்டு தரையில் நீட்டி நிமிர்ந்து படுத்தான்.

"இப்ப எங்க முடியுது?"

தூணில் முடிந்தது. அவன் குதிக்கால் தூணைத் தொட ஒரு சாண் இருந்தது. தலைக்கு மேலே சுவரில் இரண்டு கொழுக்கி. காலுக்கு மேலே தூண்களில் இரண்டு கொழுக்கி.

நான் பார்த்துக்கொண்டே நின்றேன். பொழுதுபடுகிற நேரம். துறைமுகத்துப் பக்கமிருந்து நுளம்பு கிளம்பிவிட்டது. அஸ்லம் படுத்தபடியே கன்னத்தில் ஒரு அடி, கழுத்தில் ஒரு அடி.

"கெதியாச் சொல்லு. என்னைத் தின்னுது."

"அஸ்லம், எழும்பாதை."

"ஏன்?"

"ராணி அக்கா, நுளம்பு வலை இருக்கா? பழைய மாதிரி, நாலு மூலையிலையும் கயிறு கட்டுறது?"

அக்கா என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு உள்ளே போனார். அலுமாரி திறக்கிற சத்தம் கேட்டது. பூச்சிமருந்து உருண்டை மணக்க மணக்க ஒரு வலையைக் கொண்டுவந்தார். ஆளுக்கு இரண்டு மூலையாகக் கட்டினோம். தலைக்கு இரண்டு, காலுக்கு இரண்டு.

வலை ஒரு சுருக்கம் இல்லாமல் விரிந்து அஸ்லமைச் சுற்றி இறங்கியது. கீழ் விளிம்பு தரையைத் தொட்டு நின்றது. வலைக்குள்ளே இருந்து அவன் சொன்னான்:

"நான் இனி வெளியிலை வரேல்லை."

அடுத்த நான்கு கொழுக்கிகளைப் பார்த்தோம். அதற்கடுத்த நான்கு. விறாந்தை முழுக்க வரிசையாக, ஒவ்வொரு ஆளுக்கும் ஒவ்வொரு வலை. ஏழெட்டுப் பேர் தோளோடு தோள் படுக்கலாம். நடுவில் உயரமாக நின்ற இரண்டு மட்டும் எந்த வலைக்கும் பொருந்தவில்லை.

"இவ்வளவு பேர் இருந்த குடும்பமா?" என்று ராணி அக்கா கேட்டார்.

"குடும்பம் எண்டால் அறைக்குள்ளையும் கொழுக்கி இருக்கும் அக்கா. அறைக்குள்ளை ஒண்டும் இல்லை. விறாந்தையிலை மட்டும்தான்."

"அப்ப ஆர்?"

விறாந்தையின் ஓரத்துக்குப் போய் நின்றேன். வீதி நேராக இறங்கிப் போனது. அந்த முனையில் ஜெட்டியின் வாசல் படலை தெரிந்தது.

லோஞ்ச் என்று ஒன்று இருந்தது

இதை வாசிக்கிற இளசுகளுக்கு இது விளங்காது. மூதூருக்குப் போக இப்போது பாலங்கள் இருக்கின்றன. பஸ்ஸில் ஏறி இருந்தால் சரி. பாலங்கள் வர முதல் கொட்டியாரக் குடாவைக் கடக்க லோஞ்ச் என்கிற மோட்டார் படகுதான். தரையால் சுற்றிப் போகலாம், ஆனால் வழியில் ஆறுகள். ஒவ்வோர் ஆற்றிலும் 'பாதை' என்று ஒரு மிதவைக்குக் காத்து நிற்கவேண்டும். பொழுதுபட்டால் அதுவும் இல்லை.

நான் சின்னப் பிள்ளையாக இருக்கும்போது ஒரு தடவை லோஞ்சில் போயிருக்கிறேன். அந்தக் கரையில், கட்டைபறிச்சானில் ஒரு கலியாணம். பலகை வாங்கில். காலுக்கடியில் எஞ்சின் அதிர, பல் முழுக்க அதிர்ந்தது. யாரோ ஒருவரின் கூடைக்குள் கோழி. தண்ணீர் தெறித்து அம்மாவின் பட்டுச் சேலை நனைய, பக்கத்தில் இருந்த முஸ்லிம் பெண்மணி தன் முந்தானையை விரித்து எங்கள் இரண்டு பேரையும் மூடிவிட்டார். அதற்குள் இருட்டாகவும் சூடாகவும் இருந்தது. அவர் வாயில் வெற்றிலை மணத்தது. கலியாணம் ஒன்றும் ஞாபகமில்லை.

அந்தக் கரையில் இருந்தவர்களுக்கு ஆஸ்பத்திரி, கச்சேரி என்கிற அரச அலுவலகம், சோதனை எழுதும் மண்டபம், நகைக்கடை எல்லாம் இந்தக் கரையில். காலையில் வந்து, அலுவல் முடித்து, பின்னேரக் கடைசி லோஞ்சில் திரும்பவேண்டும். கச்சேரியில் ஒரு கையெழுத்துக்கு நின்றால், டொக்டர் வரப் பிந்தினால், லோஞ்ச் போய்விடும். வாடைக்காலத்தில் கடல் கொந்தளித்தால் சொல்லாமலே நின்றுவிடும்.

பிறகு அந்த மனிசர் எங்கே படுத்தார்கள்?

எந்தக் கட்டடத்தைப் பார்த்தாலும் யார் கட்டினது என்றுதான் கேட்கப் பழகியிருக்கிறோம். அந்தப் புதன்கிழமைக்குப் பிறகு நான் இன்னொன்றையும் கேட்கிறேன்: இதற்குள் யார் படுத்தார்கள்?

"இன்னும் நிக்குதா?"

வியாழக்கிழமை அஸ்லமின் மோட்டார் சைக்கிளில் மூதூர். பாலத்தில் காற்று ஆளைத் தூக்கியது. எருமைகள், தயிர்க்கடைகள், வயல். அஸ்லமின் மாமி, அவன் வாப்பாவின் தங்கை, மூதூரில் கலியாணம் செய்தவர். பெயர் றாவியா. பேரப்பிள்ளைகள் கண்ட ஆள். ஆனாலும் வாய்க்கு ஓய்வில்லை. நாங்கள் போனபோது கொல்லையில் இறால் உரித்துக்கொண்டிருந்தார்.

நான் ஒல்லாந்தர், கொழுக்கி, வலை என்று முதலிலிருந்து தொடங்கினேன். அவர் நிமிர்ந்தே பார்க்கவில்லை.

"ஜெட்டி றோட்டுல, நீட்டு விறாந்த, அதா?"

"ஓம் மாமி."

"விட்டாக்கள்ட ஊடு. இன்னும் நிக்குதா?"

லோஞ்சைத் தவற விட்டவர்களின் வீடு. பெயர்ப்பலகை இல்லை, விளம்பரம் இல்லை. அந்தக் கரையில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எங்கள் கரையில் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்திருக்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை. நாங்கள் யாரும் லோஞ்சை விட்டதில்லையே.

"திங்கக்கிழமை விறாந்தையை இடிக்கப் போகினம் மாமி."

இறால் உரித்த கை நின்றது.

"ஆரு?"

சொன்னேன்.

"வெள்ளிக்கெழம வாறன். இடிக்கிறவன்ட மொகத்த ஒருக்காப் பாக்கணும்."

"அவர் நல்லவர் மாமி."

"நல்லவன்ட மொகத்தயும் பாக்கலாம்தானே."

வெள்ளிக்கிழமை

குகன் அண்ணாவின் சூட்கேஸ் விறாந்தையில் தயாராக நின்றது. கொழும்பு பஸ் பொழுதுபடுகிற நேரத்தில். அடுத்த நாள் இரவு பிளேன். ராணி அக்கா தம்பிக்குக் கட்டிக்கொடுத்த சாப்பாட்டுப் பார்சல் அதன் மேல்.

மாமி தனியாக வரவில்லை. பஸ் முழுக்கக் கதையைச் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறார். கேட்டுக்கொண்டிருந்த கட்டைபறிச்சான் அண்ணன் ஒருவரும் அவர் மனைவியும், "நாங்களும் வாறம்" என்று கூடவே இறங்கிவிட்டார்கள். மாமியின் கையில் ஒரு தயிர்ச்சட்டி, வாய் கட்டியபடி.

அவர்கள் படலைக்கு வர முதலே நான் சொல்லிவிட்டேன். இழுத்தடிக்க எனக்கு வராது.

"அண்ணா, இது ஒல்லாந்தர் வீடு இல்லை. சீமெந்து வந்த பிறகு கட்டினது."

ராணி அக்கா ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். நூல் துளையை விட்டு விலகியது.

"அப்ப சரி" என்றார் குகன் அண்ணா. அவர் முகத்தில் வெற்றி ஒன்றும் இல்லை. "அக்கா, கேட்டியளோ?"

"கேட்டன்."

"ஆனால் அது முழுக்க இல்லை அண்ணா" என்று நான் தொடங்க, மாமி விறாந்தைப் படியில் ஏறிவிட்டார். ஒருவரையும் கேட்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, சுவரோரம் ஒவ்வொரு கொழுக்கியாகத் தொட்டுக்கொண்டு போனார். உள்கதவுக்குப் பக்கத்தில் நின்றார்.

"இதுல நானும் என்ட மூத்தவனும். காய்ச்சலுக்கு ஆசுபத்திரியில வெச்சு, துண்டு வெட்டி ஊட்ட அனுப்பின அண்டைக்கு லோஞ்சி போயிட்டு. அவன் ராவு முழுக்க அழுதான். கிளாக்கர் அம்மா கஞ்சி வெச்சுத் தந்தா."

"கிளாக்கர் அம்மா ஆர்?" என்று குகன் அண்ணா கேட்டார்.

"இந்த ஊட்டுக்காரி. புருசன் கிளாக்கரா இருந்து மௌத்தாகிட்டார். பேரு ஆருக்குத் தெரியும்? ஒரு நாள் இவ படலையால பாக்கக்குள்ள ஜெட்டிப் படியில புள்ளயளோட ஆக்கள் படுத்துக் கெடந்திருக்கு. அதுக்குப் பொறகுதான் கொழுக்கி அடிச்சது."

"காசு வாங்கிறவவோ?"

"கேக்கமாட்டா. அடுத்த முற வரக்குள்ள தயிர் கொண்டு வருவம். இந்தா." சட்டியை ராணி அக்காவின் மடியில் வெள்ளைத் துணிக்கு மேலேயே வைத்தார். "அவ இல்ல. நீதானே இருக்கிறாய்."

நடுவில் உயரமாக நின்ற அந்த இரண்டு கொழுக்கிகளைக் காட்டினேன். "மாமி, இது ரெண்டும் எங்களுக்கு விளங்கேல்லை."

"அது மறைப்பு. தன்ட சீலையக் குறுக்கால கட்டுவா. கதவுப் பக்கம் பொம்புளையள். ஜெட்டிப் பக்கம் ஆம்புளையள்."

கட்டைபறிச்சான் அண்ணன் அதற்குள் ஜெட்டிப் பக்கம் போய் ஒரு தூணைத் தட்டிக்கொண்டு நின்றார். "நான் இதிலை. சோதினைக்கு முதல் நாள். காலமை லோஞ்சை நம்ப ஏலாது எண்டு அப்பா முதல் நாளே கொண்டுவந்து விட்டவர். அந்த அம்மா விடிய எழுப்பிவிட்டவ."

"பாஸ் பண்ணினீங்களோ?" என்று அஸ்லம் கேட்டான்.

"கணக்கைத் தவிர எல்லாம்."

"அப்ப கொழுக்கியிலை பிழை இல்லை."

அவருடைய மனைவி முதல் தடவையாக வாய் திறந்தார்: "எனக்குக் கலியாணம் பேசேக்க எல்லாம் பாஸ் எண்டுதான் சொன்னவை."

சிரிப்பு அடங்க நேரமெடுத்தது. அதற்குப் பிறகு கதை எங்கெங்கோ போனது. லோஞ்ச்காரன் கைக்குழந்தை உள்ளவர்களுக்கு மட்டும் நிற்பான் என்பதற்காக, ஒருத்தி தலையணையைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு ஓடினது. இன்னொருத்தி மறைப்புச் சேலைக்கு இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் படுத்த கணவனை ஏசினது. ராணி அக்கா தேத்தண்ணி போட்டார். தயிருக்குச் சீனி வந்தது. குகன் அண்ணா தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு கதைக்கும் இன்னொரு கேள்வி கேட்டார். கேட்கிறவர் இருந்தால் மாமி நிறுத்தமாட்டார்.

திடீரென்று ராணி அக்கா எழும்பினார்.

"டேய், பஸ்."

திரும்பி வந்தார்

குகன் அண்ணா முச்சக்கரவண்டி பிடித்து ஓடினார். நாங்கள் படலையில் நின்று பார்த்தோம். சாப்பாட்டுப் பார்சல் விறாந்தையிலேயே கிடந்தது. கொஞ்ச நேரத்தில் அதே முச்சக்கரவண்டி திரும்பி வந்தது. உள்ளே அவரும் சூட்கேசும்.

மாமி விறாந்தையில் இருந்தபடி கேட்டார்:

"என்ன தம்பி, விட்டுட்டியா?"

"விட்டிட்டன்" என்றார் அவர்.

எல்லோரும் அப்படிச் சிரித்ததை நான் வாழ்க்கையில் அடிக்கடி கேட்டதில்லை. தையல் பெண்கள் இரண்டு பேரும்கூட வீட்டுக்குப் போகாமல் நின்று சிரித்தார்கள். விடியக் காலையில் வேறு பஸ் இருந்தது. பிளேனுக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. குகன் அண்ணா படியில் உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்றினார். ஒரு சப்பாத்தைக் கையில் வைத்தபடி விறாந்தையைக் கடைசிவரை பார்த்தார்.

"நான் அங்கை இருந்து போட்டோவிலை பாத்துத்தான் பிளான் போட்டனான் அக்கா. போட்டோவிலை இது சும்மா கிடக்கிற இடம்."

அக்கா சாப்பாட்டுப் பார்சலை எடுத்து அவர் பக்கத்தில் வைத்தார்.

குகன் அண்ணா போனை எடுத்தார். "மேசன், விறாந்தையிலை கை வைக்க வேண்டாம். ஓம். பக்கத்து ஒழுங்கையைப் பாத்து, அந்தப் பட்ட மாமரம் நிக்கிற இடத்திலை கட்டுவம். இல்லை, மூண்டு போடக் காணாது அங்கை. ஒண்டுதான்."

"ஒண்டு காணும்" என்றார் ராணி அக்கா.

"அக்கா, கண்ணுக்குக் கண்ணாடி ஒண்டு எடுக்கவேணும். நாளைக்கு இல்லாட்டி நாளண்டைக்கு. துளசி கூட்டிக்கொண்டு போவா."

"எடுக்கிறன்."

"துணி வெட்டுறதை மற்றவை வெட்டட்டும்."

"அதைப் பிறகு கதைப்பம்."

அவ்வளவுதான். ஒரு விறாந்தை தப்பிப் பிழைத்ததற்கு இதைவிடப் பெரிய வார்த்தை ஒன்றும் அங்கே பேசப்படவில்லை. ஒல்லாந்தரை ஒருவரும் திரும்ப நினைக்கவே இல்லை.

நுளம்பு வந்துவிட்டது. அஸ்லம் மாமியைக் கூட்டிப்போக மோட்டார் சைக்கிளை முறுக்கிக்கொண்டிருந்தான். மாமி செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். ராணி அக்கா உள்ளே போய், புதன்கிழமை கட்டின அதே வலையைக் கொண்டுவந்து, தம்பியின் தோளில் போட்டார்.

உள்ளே கட்டிலும் மின்விசிறியும் இருந்தன. குகன் அண்ணா உள்ளே போகவில்லை. கயிற்று முனையைப் பிரித்து, கையெட்டின கொழுக்கியில், உள்கதவுக்குப் பக்கத்தில் இருந்ததில், சுற்றத் தொடங்கினார்.

மாமி ஒற்றைச் செருப்போடு திரும்பிப் பார்த்தார்.

"தம்பி, அது பொம்புளையள்ட பக்கம். நீ ஜெட்டிப் பக்கம் போ."

அவர் கயிற்றைக் கழற்றிக்கொண்டு, தன் வீட்டு விறாந்தையில், ஜெட்டிப் பக்கம் போனார்.